செயிண்ட் ஆண்ட்ரூசில் ஓர் இமயமலை

இமயமலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இன்னோர் இமயமலை இருக்கிறது. ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிடக்கூடிய புல்மேடுகள்தாம் அவை. அவற்றுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. வாசகர்களே, இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

ஊரின் பெயர் செயிண்ட் ஆண்ட்ரூஸ். எடின்பரோவில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ் என்ற நிலையம் வரும். ஊருக்குள் போன ரயில் பாதையை 1969இல் மூடிவிட்டார்கள். அதனால் மீதித் தூரத்துக்குப் பேருந்துதான். இடிந்த பேராலயம், 1413இல் தோன்றிய பல்கலைக்கழகம், ஓயாத கடற்காற்று, இவற்றோடு கோல்ப். உலகத்தில் கோல்ப் ஆடுகிறவர்கள் எல்லாரும் இந்த ஊரைத் தங்கள் காசி என்று நினைக்கிறார்கள்.

“கோல்ப் துரைமார் ஆட்டமாயிற்றே, நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். மலாயாவுக்கு வந்த தோட்டத் துரைகளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். வந்தவர்கள் தங்கள் ஆட்டத்தையும் கையோடு கொண்டு வந்தார்கள். கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப் 1893இலேயே தோன்றிவிட்டது. அந்த ஆட்டத்தில் நம்மவர் கைக்கு வந்தது பெரும்பாலும் பை தூக்கும் வேலையும், லாலாங் புல்லுக்குள் போன பந்தைத் தேடும் வேலையும்தான்.

ஆனால் செயிண்ட் ஆண்ட்ரூசில் போய்ப் பார்த்தால் கதை வேறு. ‘ஓல்ட் கோர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற அந்த மைதானம் எந்தப் பணக்காரக் கிளப்புக்கும் சொந்தமில்லை. அது பொது நிலம். 1974இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டப்படி ஓர் அறநிலையம் அதைப் பராமரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. அன்று ஊர் மக்கள் பிள்ளை குட்டிகளோடும் நாய்களோடும் அதன்மேல் உலாவப் போகிறார்கள்.

அந்த மைதானத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில்தான் நம் இமயமலை. 1867இல் பெண்களுக்கென்று தொடங்கிய சங்கத்தின் இடம் அது. பெண் ஒருத்தி கோலைத் தோளுக்கு மேல் ஓங்கி வீசுவது அழகல்ல என்று அக்காலத்து ஆண்கள் கருதினார்கள். சரி, ஓங்க வேண்டாம், பந்தை மெல்ல உருட்டிக் குழியில் தள்ளும் ஆட்டத்தை ஆடிக்கொள்ளட்டும் என்று இந்த மேட்டு நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. பக்கத்திலேயே 1754இல் தோன்றிய ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் கிளப் இருக்கிறது. பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள அது 2014இல்தான் வாக்களித்துத் தீர்மானித்தது! அதற்குள் பெண்களின் சங்கத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வயது ஆகிவிட்டது.

பெண்களுக்கு ஒதுக்கியது மிச்சமான வேலை என்று நினைத்தார்கள் போலும். கணக்குப் பார்த்தால் அது ஆட்டத்தில் பாதி. பதினெட்டுக் குழிக்கு எழுபத்திரண்டு அடி என்பது வழக்கமான அளவு. அதில் குழிக்கு இரண்டாக முப்பத்தாறு அடி இந்த உருட்டலுக்கே போகிறது. இதற்குப் ‘பட்டிங்’ என்று பெயர், கோலுக்குப் ‘பட்டர்’. (ரொட்டிக்குத் தடவுவதும் அல்ல, கோயில் பட்டரும் அல்ல.) இதற்குப் பலம் தேவையில்லை, உயரம் தேவையில்லை. எல்லாம் நிற்கிற விதத்தில் இருக்கிறது.

இமயமலையில் சில பவுன் கொடுத்தால் வெளியாருக்கும் ஆட இடம் உண்டு. பட்டரும் பந்தும் அங்கேயே தருவார்கள். ஆனால் நின்று பார்த்தால்தான் தெரியும் அதன் சங்கடம். பெரும்பாலோர் செய்வது என்ன? முதலில் காலை ஊன்றி நின்றுகொண்டு, பிறகு கோலைக் குழிப்பக்கம் திருப்புகிறார்கள். அது தலைகீழ் வேலை. பந்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, பந்து போக வேண்டிய பாதையைப் பாருங்கள். அந்தப் பாதையில், பந்துக்கு ஒரு சாண் முன்னால், ஒரு புல் நுனியையோ மண் பொட்டையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கோலின் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேராக வையுங்கள். அதற்கப்புறம்தான் கால்.

இரண்டு காலும் தோள் அகலத்துக்கு இருக்கட்டும். கட்டைவிரல் நுனிகளைச் சேர்த்து ஒரு கயிறு பிடித்தால், அது பந்தின் பாதைக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளம் போல ஓட வேண்டும். தோளுக்கும் அதே கணக்கு. தோள்தான் பலரையும் ஏமாற்றுகிறது. வலக்கைக்காரருக்குக் கோலில் வலக்கை கீழே இருப்பதால் வலத்தோள் தானாக முன்னுக்கு வந்துவிடும். பந்து இடப்பக்கம் ஓடிவிடும். வலது முழங்கையைச் சற்று விலாவோடு ஒட்டிக்கொண்டால் தோள் நேராகும்.

பிறகு கண். பந்து கண்ணுக்கு நேர் கீழே, நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் இருக்க வேண்டும். மூக்கின் மேலிருந்து ஒரு காசை நழுவ விட்டுப் பாருங்கள். பந்தின் மேலோ, பந்துக்கு உள்பக்கமாகச் சற்றுத் தள்ளியோ விழுந்தால் சரி. பந்தைத் தாண்டி வெளியே விழுந்தால், நேர்க்கோடே உங்களுக்குக் கோணலாகத் தெரியும். கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்கட்டும். மணிக்கட்டை ஆட்டாமல், கடிகாரத்தின் ஊசல் போலத் தோளால் ஆட்டினால் போதும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்கிறீர்களா? குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பத்தடி தூரத்தில் பந்து ஒரே ஒரு பாகை கோணலாகப் புறப்பட்டால், குழியின் நடுவிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகி விளிம்பில் தடுமாறும். இருபதடி என்றால் விளிம்பைக்கூடத் தொடாது.

இது சமதரைக்கு. இமயமலையில் சமதரைக்கு எங்கே போவது? குழி வலப்பக்கம் இருக்க, நீங்கள் இடப்பக்கத்து மேட்டைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். பந்து மேட்டில் ஏறி, களைத்து, வளைந்து இறங்கும். அது எங்கே வளையும் என்று கண்டு, அந்த இடத்துக்கு நேராகக் காலையும் தோளையும் வைக்க வேண்டும். குழி எதிரே தெரிகிறதே என்று பாதி மனத்தோடு அதன் பக்கம் தோளைத் திருப்பினீர்களோ, கெட்டது காரியம்! குழந்தைகள் இதில் பெரியவர்களைத் தோற்கடிப்பார்கள். அவர்களுக்கு மேட்டை நம்புவதில் தயக்கமில்லை.

இந்த மேடுகளை ஆட்டத்துக்கு அமைத்துக் கொடுத்தவர் டாம் மோரிஸ். கைத்தறி நெசவாளியின் மகன். பந்து செய்யும் பட்டறையில் வேலை பழகி, நான்கு முறை ஓப்பன் பட்டம் வென்று, செயிண்ட் ஆண்ட்ரூஸ் புல்வெளிகளை நெடுங்காலம் பராமரித்தவர். 1908இல் காலமானார். பேராலயத்து மதிலுக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஓல்ட் கோர்ஸின் சிறு ஓடைமேல் உள்ள பழைய கல் பாலத்துக்கு நடந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நிதானமாக நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சேலை கட்டிப் போகும் தாய்மார்கள் ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துச் செல்வது நல்லது. கோடையிலும் அந்தக் காற்று குளிரும்.