வட்டியில்லாத வண்டி

உம்மாவின் முழங்கால்கள் ஆட்டோவின் குலுக்கலைத் தாங்க இயலாத நிலை வந்தபோதுதான், திருவொற்றியூரிலுள்ள எங்கள் வீட்டில் கார் பற்றிய பேச்சு எழுந்தது. 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. நிலையம் வரை அவர் நடக்க வேண்டுமே!

2025 செப்டம்பர் 22 அன்று சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதிய வண்டியே வாங்கலாம் என்று தம்பி ஆசைப்பட்டார். ஆனால் தவணை என்றால் வட்டி. "என் உம்ராப் பணத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வட்டிக்குப் போகாதீர்கள்" என்றார் உம்மா. அதைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை.

கையிலிருந்த சேமிப்புக்குள் பழைய வேகன் ஆர் ஒன்றைத் தேடினோம். இருக்கை உயரமானது; அதிகம் குனியாமல் ஏறலாம். இப்போதைய மாதிரியில் சி.என்.ஜி. கிலோவுக்கு 34 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 24 என்கிறது நிறுவனம். சிக்கனம் பார்த்தால் சி.என்.ஜி.தான். ஆனால் டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொள்கிறது. மடித்த சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? பெட்ரோல் வண்டியையே எடுத்தோம்.

சோதனைக்கூட மைலேஜ் எண்ணூர் விரைவுச்சாலையில் கிட்டாது. துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளின் பின்னே முதல் கியரில் ஊர்ந்தால் 14 தேறுகிறது. கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் ஏ.சி.

அல்ஹம்துலில்லாஹ், சென்ற வெள்ளியன்று ராயபுரத்திலுள்ள தம் தங்கை வீட்டுக்கு உம்மா போய்வந்தார், மூன்றாண்டுகளுக்குப் பின்.