காசில் எழுத்து இரண்டாகத் தெரிந்தால் லட்சாதிபதியா?

வானம் பார்த்த பூமி என்றால் அது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்தான். மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் தறி, மில், அதுவும் இல்லையென்றால் வெளியூர். இப்படிப்பட்ட ஊரில் "உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம்" என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அடுப்படி டப்பாவைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு காசில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்துவிட்டால் போதும், தூக்கம் போய்விடும்!

சரி, எழுத்து ஏன் இரட்டையாகிறது? இதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு.

ஒன்று, அச்சிலேயே பிழை. காசு அடிக்கும் அச்சை, 'ஹப்' என்ற மூல வடிவத்தை எஃகில் அழுத்தித்தான் செய்வார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாகப் பதியாது. மறுபடி அழுத்த வேண்டும். அப்போது இம்மி விலகினாலும் அச்சில் எழுத்து இரண்டாகிவிடும். அந்த அச்சில் அடிக்கும் அத்தனை காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில் வரும். இதுதான் 'டபுள்டு டை'. அமெரிக்காவில் 1955-ல் பிலடெல்பியாவில் அடித்த ஒரு சென்ட் காசு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். சுமார் 20,000 காசுகளுக்கு மேல் வெளியே போய்விட்டன. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டும்.

இரண்டாவது, 'மெஷின் டபுளிங்'. அச்சு சரியாகத்தான் இருக்கும். அடிக்கும்போது இயந்திரம் லேசாக ஆடி, எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். இது எங்கும் கிடைக்கும். இதற்குத் தனி மதிப்பு கிடையாது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸும், சாய்வாக விழும் வெளிச்சமும் போதும்.

நிஜ டபுள்டு டையில் எழுத்து தடித்திருக்கும். இரண்டாவது எழுத்தும் உருண்டு மேலெழும்பி நிற்கும். எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும்.

மெஷின் டபுளிங்கில் இரண்டாவது உருவம் படிக்கட்டு மாதிரி தட்டையாக, தாழ்வாகக் கிடக்கும். எழுத்து இளைத்துப் போயிருக்கும்.

அடுத்து வருடத்தையும், அதன் அருகே உள்ள குறியையும் பாருங்கள். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. அதே வருடம், அதே ஆலைக் காசு இன்னொன்றிலும் அச்சு அசலாக அதே இரட்டை இருந்தால்தான் சந்தேகத்துக்கு இடமுண்டு.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவரிடம் காமராசர் நூற்றாண்டு நினைவாக வெளியான ஐந்து ரூபாய் இருந்தது. எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. போனில் பேசியவர் லட்சத்தில் விலை சொல்லி, "முதல்ல பதிவுக் கட்டணம் ரெண்டாயிரத்து ஐநூறு போடுங்க சார்" என்றார். பாவுக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கப் போனார் மனிதர். கல்லூரியில் படிக்கும் மகள் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, தட்டையா இருக்குப்பா. இது மெஷின் ஆடினது. பணம் போட்றாதீங்க" என்றாள். பணம் தப்பியது.

இதில் வணிகக் கணக்கும் ஒன்று உண்டு. வீடியோவில் சொல்வது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. அரிதாக இருந்தால் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும். உண்மையில் வாங்குகிறவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார். ரிசர்வ் வங்கியும் 2021 ஆகஸ்டில், பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று தெளிவாக அறிவித்தது.

ஆகவே நண்பர்களே, காசு சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஐம்பது, நூறு ரூபாய்க்கு ஒரு லென்ஸ் வாங்குங்கள். அதைவிடப் பெரிய முதலீடு எதையும் யாராவது கேட்டால், போனை வைத்துவிடுங்கள்!