ஆட்டம் நடந்த ஊரில் ஒரு நாள்

உடல்நலம், ஓய்வு ஆகிய இரண்டு பேறுகளிலும் மக்களில் பலர் ஏமாந்து போகின்றனர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நம்மை எச்சரித்துள்ளார்கள். உடல்நலத்தின் அருமையை நோய் வந்து உணர்த்திவிடும். ஓய்வின் அருமையை யார் வந்து உணர்த்துவது? நாம் வாழும் காக்களூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞர்க்கு ஏழாவது நாள் ஓய்வு. அந்நாள் பாதி உறக்கத்திலும் பாதி கைப்பேசியிலும் கரைந்து போவதை நாம் கண்டு வருகிறோம்.

ஊரில் ஒரு பெரும் விளையாட்டுப் போட்டி நடந்தால் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்னும் ஊர் உண்டு. 1934இல் தொடங்கிய கால்ஃப் போட்டி ஒன்று ஏப்ரல் தோறும் அங்கே நடைபெறுகிறது. அனுமதிச் சீட்டு எளிதில் கிட்டாது. ஊரார் பலர் தம் வீடுகளை விருந்தினர்க்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் சென்றுவிடுவர். ஆட்டம் உள்ளே நடக்க, வெளியே நிற்பவர் என்ன செய்வது? அங்கே எழும் அந்தக் கேள்வி 2022இல் நம் தமிழகக் கடற்கரையிலும் எழுந்தது.

அவ்வாண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. ருஷியாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி அது. உக்ரைன் மீது போர் மூண்டதால் இடம் மாறி, முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் சின்னஞ்சிறு கடற்கரை ஊருக்கு வந்து இறங்கின. வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற ‘தம்பி’ என்னும் குதிரைச் சின்னத்தைச் சாலையெங்கும் காண முடிந்தது.

தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் இருவர் நம்மிடம் வந்தனர். சிறுவயதில் நம்மிடம் ஓதியவர்கள்.

“ஹஜ்ரத், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகலாம் என்றிருக்கிறோம். சதுரங்கம் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்றனர்.

சதுரங்கம் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற மத்ஹபுகளின் அறிஞர் பலர் அதனைக் கடுமையாகத் தடுத்துள்ளனர். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் அது ஹராம் என்னும் அளவுக்குச் செல்லாமல் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது என்ற அளவில் நிற்கிறது. அதுவும் பந்தயப் பணம் இல்லாமலும், தொழுகை தவறாமலும், தீய பேச்சுக்கு இடமில்லாமலும் இருந்தால்தான். “வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு; அவர்களோடு வாதிடாதீர்கள். ஆட்ட அரங்குக்குச் சீட்டு வாங்க வேண்டாம். ஆட்டம் நடக்கும் ஊரைப் பார்ப்போம். நாமும் வருகிறோம்” என்றோம்.

இந்த ஆட்டம் சென்ற பயணத்தின் கதையைப் பேருந்திலேயே அவர்களுக்குச் சொன்னோம். இந்த மண்ணில் ‘சதுரங்கம்’ என்றிருந்தது பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. அல்அத்லீ என்பார் 9ஆம் நூற்றாண்டில் இதற்கென நூல் எழுதினார். அவருக்குப் பின் பக்தாதின் அரசவையில் விளங்கிய அஸ்ஸூலீ அமைத்த புதிர் ஒன்று ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக விடுபடாமல் கிடந்து, சென்ற நூற்றாண்டின் 80களில்தான் ருஷிய ஆட்டக்காரர் அவெர்பாக் என்பவரால் விடுவிக்கப்பட்டது. நம் வீடுகளில் மூலையில் நிற்கும் யானை, அரபியரிடம் ‘ஃபீல்’ என்ற பெயரோடு குதிரைக்குப் பக்கத்தில் நின்றது. மூலையில் நின்றது ‘ருக்’. ஆங்கிலேயர் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர். அரசன் வழியற்று நின்றால் ‘ஷாஹ் மாத்’. அச்சொல்லும் உலகமெங்கும் சென்றது.

அன்று 2022 ஆகஸ்ட் 7, ஹிஜ்ரி 1444 முஹர்ரம் பிறை 8. திருவள்ளூரிலிருந்து திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோயில், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றோம். பூஞ்சேரியில் காவலர் கூட்டம் நிறைந்திருந்தது. ஆட்டம் பிற்பகல் 3 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் காலைப்பொழுது முழுவதும் ஊருக்கே உரியதாக இருந்தது. நாட்டு விடுதலையின் 75ஆம் ஆண்டை முன்னிட்டு ஆகஸ்ட் 5 முதல் 15 வரை தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு நாடெங்கும் கட்டணம் இல்லை. ஏழை எளியவரும் குடும்பத்தோடு வந்திருந்தனர்.

அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சொல்லப்படும் பெரும்பாறையின் முன் நெடுநேரம் நின்றோம். வணங்குவதற்காக வரவில்லை, பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் பணிப்பதை எண்ணி வந்தோம். யானைகளின் அருகே ஒரு பூனை, தவசி போல் முன்கால்களை உயர்த்தி நிற்கிறது. காலடியில் எலிகள். போலிப் பக்தியைப் பல்லவர் காலத்துச் சிற்பி ஒரு பூனையில் சொல்லிவிட்டான். தலைப்பாகை கட்டிய நம் போன்றோர் ஒருமுறையேனும் நின்று பார்க்க வேண்டிய இடம் அது என்று சொன்னோம். இளைஞர்கள் சிரித்தனர்; நாமும் சிரித்தோம்.

சிற்பக்கூடங்கள் இருக்கும் தெருவில் உளியோசை கேட்டது. ஆட்டம் காண வந்த வெளிநாட்டவர் சிலர் சிறு சிலைகளை விலை பேசிக்கொண்டிருந்தனர். கல்தூசி படிந்த முகத்தோடு ஒரு தொழிலாளி அவற்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். நம்முடன் வந்தவர்களில் ஒருவர் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். அவர் அந்த உளிமுனையை வாங்கிப் பார்த்து, எப்படித் தீட்டுகிறீர்கள் என்று கேட்டார். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் பேச்சு நீண்டது. அன்று அவர் கற்ற பாடங்களுள் அதுவே பெரியது என்று நினைக்கிறோம்.

லுஹர் தொழுகையை மரநிழலில் விரிப்பு விரித்து நிறைவேற்றியபின் தெற்கே சதுரங்கப்பட்டினம் சென்றோம். அங்கே கடலைப் பார்த்தபடி டச்சுக்காரரின் கோட்டை சிதைந்து நிற்கிறது. இக்கடற்கரையின் மெல்லிய மஸ்லின் துணிக்காக அவர்கள் வந்தனர். மஸ்லின் என்பது ஈராக்கின் மௌஸில் நகரால் வந்த பெயர் என்பர். 1782 பிப்ரவரியில் இக்கடலில் ஆங்கிலக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. 1824 உடன்படிக்கைக்குப்பின் டச்சுக்காரர் இந்தியாவைவிட்டே நீங்கினர். அவர்களில் மாண்டோரின் கல்லறைகள் மட்டும் கோட்டைக்குள் இருக்கின்றன. இடிந்த சுவரோரம் அமர்ந்து இளைஞர்கள் கைப்பேசியில் அன்றைய ஆட்டத்தைச் சற்று நேரம் பார்த்தனர். காய் நகர்த்திய அரசுகள் எல்லாம் இருந்து போன இடத்தில் அமர்ந்து அதைப் பார்த்தது பொருத்தமாகவே இருந்தது. அஸர் வேளை வந்ததும் அவர்களே கைப்பேசியை மூடிவைத்தனர்.

மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று உஸ்பெகிஸ்தான் அணியும் இந்தியாவின் இரண்டாம் அணியும் மோதின. தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்றிருந்த சென்னைச் சிறுவர் குகேஷ், வெல்ல வேண்டிய நிலையிலிருந்து அப்துஸத்தாரவிடம் தோற்றார். வேலையிடத்தில் உடன் பணியாற்றும் ஒருவர் நம் இளைஞரிடம், “உங்க ஆளு ஜெயிச்சுட்டான் போல” என்றாராம். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அது தைத்துவிட்டது. இரவு நம்மிடம் வந்து, “குகேஷ் தோற்றபோது எனக்கும் வலித்தது ஹஜ்ரத். அதை யாரிடம் போய்ச் சொல்வது?” என்றார்.

“அவரிடமே சொல்” என்றோம். “பெயர் நம் பெயர் போலிருப்பதால் ஒருவன் நம்மவனாகிவிடுவதில்லை, பெயர் வேறாக இருப்பதால் அடுத்த தெருப் பிள்ளை அயலானாகிவிடுவதும் இல்லை. உஸ்பெக் இளைஞனின் உழைப்பை மெச்சு. நம் ஊர்ப் பிள்ளைக்காக வருந்து. இரண்டுக்கும் ஓர் உள்ளத்தில் இடமுண்டு. அன்று அணிகளின் கணக்கு 2–2 என்பதையும் சேர்த்துச் சொல். பிரக்ஞானந்தா வென்றதை அவரும் மறந்திருப்பார்.”

மறுநாள் ஆஷூரா, நோன்போடு வேலைக்குச் சென்றவர், தேநீர் வேளையில் அதைச் சொல்லிவிட்டார். இருவரும் சேர்ந்தே மற்ற முடிவுகளைப் பார்த்தார்களாம். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம் பெற்றது. இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் பெற்றது. பெண்கள் பிரிவில் தங்கம், போரில் துன்புறும் உக்ரைனுக்குச் சென்றது. குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில், உலக வாகையர் ஆனார். அன்று முதலில் நமக்குச் செய்தி சொன்னவர் அந்த இளைஞரே.

பெருமக்களே! உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ பெரும் ஆட்டம் ஒன்று வந்தால், சீட்டு கிடைக்கவில்லையே என்று வீட்டில் முடங்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தொழுகைக்கான விரிப்பை மறவாதீர்கள். கைவினைஞரிடம் அடிமாட்டு விலை கேளாதீர்கள். அந்நியரைக் கண்டால் வழி காட்டுங்கள். திரும்பும் வழியில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லுங்கள். ஓய்வு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கும் ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டும்.