மருமகன் கேட்ட சங்கீதம்

சங்கீத விமர்சனம் எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஸ்வர ஞானம் என்று பார்த்தால், கல்யாணியையும் சங்கராபரணத்தையும் மாற்றிச் சொல்லாத அளவுக்கு உண்டு, அவ்வளவுதான். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் விமர்சனம் எழுதினார் அல்லவா? ரசிகனாக இருந்தால் போதும், தைரியமாக எழுதலாம் என்ற துணிச்சலை என்னைப் போன்றவர்களுக்கு அவர் தந்துவிட்டுப் போனார். அந்தத் துணிச்சலில் நானும் அவ்வப்போது எதையாவது எழுதி வைப்பதுண்டு. அப்படி எழுதிய ஒரு வாக்கியம் என்னைத் தேடிக்கொண்டு மேலநீலிதநல்லூர் வரைக்கும் வந்துவிட்டது.

என் தங்கை அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். 2025 பங்குனியில் அவள் புருஷன் காலமாகிவிட்டார். காலையில் வயலுக்குப் போனவர். நெஞ்சு வலிக்கிறது என்று திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஒரே பிள்ளை, கல்லூரியில் இரண்டாம் வருஷம். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்று முதல் அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐப்பசியில் ஒரு நாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, இந்தப் பய போக்கே சரியில்ல. ராத்திரி பூரா காதுல மாட்டிக்கிட்டு என்னத்தையோ கேக்கான். ஒரு நா நானும் வச்சுக் கேட்டேன். ஆட்டைக் கழுத்தறுத்தாப்ல ஒருத்தன் கத்துதான். பேய்ப் பாட்டும்பாவளே, அதான் போலுக்கு. பக்கத்து வீட்டு அத்தை மந்திரிக்கச் சொல்லுதா. நீங்கதான் பாட்டைப் பத்தியெல்லாம் எழுதுதியளே, வந்து கேட்டுச் சொல்லுங்க. கெட்டதுன்னு நீங்க சொல்லிட்டா, அந்தப் போனைக் கிணத்துல போட்டுருதேன்."

எத்தனையோ புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறேன். என் தீர்ப்பை நம்பி ஒரு தாய் கிணற்றங்கரையில் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

சங்கரன்கோவிலில் பஸ் மாறி ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கரிசல் காடு நனைந்து கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மருமகன் 'வாங்க மாமா' என்று சொல்லிவிட்டு தட்டட்டிக்கு ஏறிப் போய்விட்டான். மொட்டை மாடியை அந்தப் பக்கத்தில் தட்டட்டி என்பார்கள். சாப்பிட்டுவிட்டு நானும் மேலே போனேன்.

"அம்மா சொல்லித்தான் வந்திருக்கிய" என்றான்.

"ஆமா. நீ கேக்கதை நானும் கேக்கலாம்னு வந்தேன்."

"அதான் ஏற்கெனவே எழுதிட்டியளே மாமா. தகரக் கடையில கல்லெறிஞ்ச சத்தம்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதோ ஒரு கட்டுரையில், இக்கால இளைஞர்களின் சங்கீதத்தைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. சிரிப்புக்காக எழுதிய வரி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதை எழுதும்போது அந்த வகைப் பாட்டில் ஒன்றைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை.

"கேக்காமத்தான் எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கத்துக் குமிழை என் காதில் மாட்டினான்.

மழை கேட்டது. "தூத்தல் விழுதே, கீழ போயிருவமா?" என்றேன்.

"மாமா, அது பாட்டுக்குள்ள பெய்யுது."

மழைக்குப் பின்னால் ஒரு மணி; பிறகு கிதாரில் மூன்றே ஸ்வரங்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பையன்கள் நாலு பேர், பிளாக் சாபத் என்ற பெயரில் 1970 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு அது. ஹெவி மெட்டல் என்கிற வம்சம் முழுவதற்கும் அதுதான் ஆதி என்பார்கள். அந்த ஸ்வர இடைவெளியை ஐரோப்பாவில் பழைய நாளில் சங்கீதத்துச் சாத்தான் என்று சொல்லி ஒதுக்கினார்களாம். நம்மிடம் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி பிரதி மத்யமம்தான். கல்யாணி அதில்தான் மங்களமாக வாழ்கிறது. பந்துவராளி அதில்தான் அழுகிறது. அங்கே சாத்தான் என்று பெயர் வாங்கியது, இங்கே கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறது! ஸ்வரத்தின் மேல் குற்றமில்லை.

மருமகன் மெல்லப் பேச ஆரம்பித்தான். அந்தக் கிதாரை வாசிக்கும் டோனி அயோமி பதினேழு வயதில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். அன்றோடு வேலையை விடுவதாக இருந்த நாளில் இயந்திரம் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடது கைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய வலது கை விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிற்பாடு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த இருட்டு நாதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

"தகரந்தான் மாமா. நீங்க எழுதினது ஒரு வகையில சரிதான்" என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான் என்று பின்னால் தங்கை சொன்னாள்.

அந்த ஆல்பம் வந்தபோது அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் என்ற பேர்போன விமர்சகர் அதைக் கிழித்துப் போட்டார். கோஷ்டி பிழைத்துக்கொண்டது. 2025 ஜூலை 5-ஆம் தேதி சொந்த ஊரிலேயே கடைசிக் கச்சேரி செய்தது. பதினேழு நாள் கழித்துப் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கண்ணை மூடினார். அந்தக் கூட்டத்தில் பாட்டைக் கேட்டு அழுதவர்களுக்கு விமர்சகர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு புது ஆல்பங்களுக்கு வந்தோம். ஸ்வீடன் தேசத்து ஓபெத் குழு 2024-இல் வெளியிட்டது முதலில். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஒரு பணக்காரக் குடும்பம், தகப்பன் செத்துப்போகிறான், பிள்ளைகள் கூடி உயில் வாசிக்கக் கேட்கிறார்கள். பாட்டுகளுக்குத் தலைப்பே கிடையாது, கடைசி ஒன்றைத் தவிர. உயிலின் பத்தி எண்கள்தான். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் சாமர்த்தியம் ஜாஸ்தி. ஒரு துக்கத்தை அனுபவிக்குமுன் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. பின்லாந்துக்காரர்களான அமார்ஃபிஸின் 2025-ஆம் வருஷத்து ஆல்பம் இனிமையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே இனிமை என்றேன். மருமகன் சண்டைக்கு வந்தான். வரட்டும், பேசுகிறானே!

மூன்றாவது, யார்க்‌ஷயரைச் சேர்ந்த பாரடைஸ் லாஸ்ட். மில்டனின் காவியப் பெயரை வைத்துக்கொண்டு 1988 முதல் வாசிப்பவர்கள். 2025 செப்டம்பரில் 'அசென்ஷன்' என்ற ஆல்பம் கொண்டுவந்திருக்கிறார்கள். தங்கை சொன்ன கழுத்தறுப்புக் குரல் இதில் உண்டு. ஆனால் சாமக்கொடையில் அருள் வந்தவன் போடுகிற கூச்சலைக் கேட்டு, தொண்டை சரியில்லை என்று நாம் யாராவது சொல்கிறோமா? கணியான் கூத்தில் மகுடத்தைத் தீயில் காய்ச்சி நடுச்சாமத்தில் அடிக்கிறபோது, இது காதுக்கு இனிமையா என்றா கேட்கிறோம்? இருட்டுக்கு உரிய சங்கீதம் என்று ஒன்று நம்மிடமும் இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் கிதார் ஒன்று நிதானமாக, நீட்டி நீட்டி இழைந்துகொண்டே போகிறது. அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"இதை வாசிக்கவர் கிரெக் மாக்கின்டாஷ்" என்றான் மருமகன். "அவரு அப்பா செத்தப்போ, அந்தத் துக்கத்துலயே தனியா ஒரு குழு சேத்து, 2011-ல ஒரு ஆல்பம் போட்டாரு." கொஞ்ச நேரம் காற்றாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு அம்மா, அத்தைமாரு, எல்லாரும் கட்டிப்புடிச்சுப் பாடி அழுதாங்க மாமா. என்னைய ஆம்பளப் பிள்ள அழக்கூடாது, குடத்தைத் தூக்குன்னாங்க."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது ஒப்பாரி. எங்கள் சீமையில் பெண்களுக்கு ஒப்பாரி உண்டு. பாட்டன் முப்பாட்டி நாளிலிருந்து வார்த்தையும் ராகமும் தயாராக இருக்கிறது. தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். ஆண்பிள்ளைக்கு நாம் கொடுத்திருப்பது ஓட்டைக் குடம் ஒன்றுதான். அந்தப் பையன் தனக்கு ஓர் ஒப்பாரியைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே யாரும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்ட தாய்மாமன் உட்பட.

காலையில் தங்கை அடுப்படியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதா, கெட்டதா? நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க ஒருவன் துக்கத்தோடு தனியே கிடப்பது நல்லதென்று எப்படிச் சொல்வது? மருமகனைக் கூப்பிட்டு, அந்தக் கிதார் வருகிற இடத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். அவன் தயங்கினான். பிறகு அவள் காதில் மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வெகுநேரம் அடுப்பையே பார்த்திருந்தாள். பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"இதை வாசிக்க பிள்ளைக்கும் தகப்பன் இல்லையோ?" என்றாள்.

மருமகன் இல்லை என்று தலையாட்டினான். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.