பழைய ஹெலிகாப்டரும் எமது ஜீப்பும்



2023 ஆகஸ்ட் 5 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் தெப்பக்காடு யானைகள் முகாமைக் காண வந்தபோது, மசினகுடியில் ஹெலிகாப்டர் இறங்கியது. அந்த ஓசை எமது மதரஸா மாணவர்களின் செவிகளை விட்டுப் பல நாட்கள் அகலவில்லை. அடுத்த வாரம் கொடுக்கல் வாங்கல் பாடத்தின் நடுவே ஒரு சிறுவன் எழுந்து, "உஸ்தாத், பழைய ஹெலிகாப்டரை விற்றால் எவ்வளவு விலை சொல்வது ஹலால்?" என்று வினவினான். வகுப்பே சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எமது பழைய ஜீப்பை விற்க விலை பேசிக்கொண்டிருந்தோம்.

கேள்வி வேடிக்கையானதன்று. 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு வாங்கிய பெல் 412 வகை ஹெலிகாப்டர், 2019-க்குப் பிறகு பறக்காமல் சென்னையில் நின்றது. அதை ஏர் ஆம்புலன்ஸாக மாற்றலாம் என்றும், விற்றுவிடலாம் என்றும் யோசனைகள் செய்திகளில் வந்தன. இத்தகைய பொருளுக்கு எப்படி விலை வைப்பது? தயாரித்த ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. பறந்த மணிநேரத்தைப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், எஞ்சியிருக்கும் மணிநேரம். இறக்கைகளைச் சுழற்றும் உறுப்புகளில் பலவற்றுக்கு ஆயுள் விதிக்கப்பட்டுள்ளது. அது முடிந்தால், பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் கழற்றி எறிய வேண்டியதுதான். கியர்பாக்ஸையும் என்ஜினையும் குறித்த காலத்தில் பிரித்துச் சீரமைக்க வேண்டும். ஆகவே ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு ஹெலிகாப்டர்களின் விலை மலையும் மடுவுமாக வேறுபடலாம். சும்மா நிறுத்தி வைத்தாலும் துருவும் காலக்கெடுவும் விடுவதில்லை.

இவை அனைத்தும் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பதிவேடு இல்லாத உதிரிபாகம் நல்ல நிலையில் இருந்தாலும் விலை போகாது. விற்பவரின் நாக்கை நம்பி யாரும் வானில் ஏறுவதில்லை.

எமது ஜீப்புக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. கல்லட்டி மலைப்பாதையில் இறங்கும்போது அதன் இரண்டாம் கியர் தானாக நழுவும். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இறக்கம் அது; பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களின் கதைகளை எங்கள் ஊரார் நன்கறிவர். ஜீப்பை வாங்க விரும்பிய இளைஞர் கூடலூர்க்காரர். இருவருக்கும் வசதி என்று தெப்பக்காட்டில் சந்திக்க ஏற்பாடாயிற்று. மசினகுடியிலிருந்து தெப்பக்காடு வரும் சாலையில் அத்தகைய இறக்கம் கிடையாது. அங்கே ஓட்டிப் பார்த்தால் கியர் நழுவாது. இது எமக்குத் தெரியும். இடத்தைத் தேர்ந்தபோதே தெரியும் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

2,30,000 ரூபாய் கேட்டிருந்தோம். மகளின் கல்லூரிக் கட்டணம் அதை நம்பியிருந்தது. "உள்ளது உள்ளபடி விற்கிறோம் என்று சொல்லிவிட்டால் போதாதா?" என்று வீட்டார் கேட்டார்கள். ஏலங்களில் வழங்கும் சொல்தான். ஆனால் தனக்குத் தெரிந்த குறையை மறைத்துவிட்டு அப்படிச் சொல்வது, எமது ஷாஃபிஈ மத்ஹபின்படி விற்றவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. இதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருபவர் நாமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட செய்தியையும் அந்த வாரம்தான் நடத்தியிருந்தோம்.

மாயாற்றங்கரையில் இளைஞர் ஜீப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியுடன் இறங்கினார். "தம்பி, இறக்கத்தில் இரண்டாம் கியர் நிற்காது, மெக்கானிக் 28,000 ஆகும் என்கிறார்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "அப்படியானால் 1,60,000 தருகிறேன், உஸ்தாத்" என்றார்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். குறையைச் சொன்னவர் கேட்ட விலைக்கெல்லாம் இணங்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தார். ஜரீர் அவர்களோ, இது அதைவிட மேலானது என்று கூறி 800 வரை தாமே உயர்த்திக் கொடுத்ததாக அறிவிக்கப்படுகிறது. நியாயம் வாங்குபவரின் பக்கமும் கடமைதான். இதை அந்த இளைஞரிடம் ஓதவில்லை. பாடம் நடத்தும் நிலையில் அன்று நாம் இல்லை. ஒரு தாளில் கணக்கு மட்டும் எழுதிக் காட்டினோம்: அதே வகை ஜீப் கூடலூரில் விற்ற விலை, அதிலிருந்து கியர்பாக்ஸ் செலவு, பழுது பார்க்கும் நாட்களில் வண்டி ஓடாத இழப்பு.

2,00,000-இல் முடிந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தபின் அவர் அந்தத் தாளையும் கேட்டு வாங்கி, ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

கட்டணத்துக்குக் குறைந்த 30,000-ஐ மைத்துனரிடம் கடனாகப் பெற்றோம். வீட்டார் இரண்டு நாட்கள் எம்முடன் சரியாகப் பேசவில்லை.