முகூர்த்தம் முக்கியம் பாஸ்!

‘உதய்ப்பூர்ல அக்கா கல்யாணம்டா... கண்டிப்பா வரணும்!’னு நண்பன் பத்திரிகையை நீட்டினதுமே, எங்க நாலு பேர் மனசுலயும் ஏரி, அரண்மனை, ஒட்டகம்னு படம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. கல்யாணம்? அது கடைசி ரீல்லதான் வந்துச்சு!

அக்காவுக்குத் திருச்சி. மாப்பிள்ளைக்கு உதய்ப்பூர். அதனால காலையில நம்ம முறைப்படி தாலி, ராத்திரி அவங்க முறைப்படி அக்னி வலம். செம பிளான்ல? வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புற மக்களே, நாங்க பட்டதையும் கெட்டதையும் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

முதல்ல டிக்கெட். ரயில்ல இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் ஆரம்பிக்குது. பத்திரிகை கைக்கு வந்த அன்னிக்கே காலண்டர்ல அந்தத் தேதியை வட்டம் போட்டுடுங்க. நாங்க சென்னையில நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு, அகமதாபாத் போய் மாறினோம். அங்கேருந்து உதய்ப்பூர் சுமார் 260 கிலோமீட்டர். 2022 அக்டோபர்ல அகலப்பாதை வந்ததுலேருந்து ரயிலும் ஓடுது. ஆனா, அது கிளம்புறது அகமதாபாத் மெயின் ஸ்டேஷன்ல இல்லை, அசார்வா ஸ்டேஷன்ல! பெட்டியைத் தூக்கிட்டு ஸ்டேஷன் மாறவும் நேரம் ஒதுக்குங்க. ஃப்ளைட்ல போற ஆளுங்களுக்கும் ஒரு தகவல்... ஏர்போர்ட் இருக்கிறது ஊருக்குள்ளே இல்லை, 20 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, டபோக்ல.

அடுத்து, குளிர். ‘ராஜஸ்தான்னா பாலைவனம், வெயில் பொளக்கும்’னு நம்பி, வேட்டி சட்டையோட போய் இறங்கினோம். தை மாச ராத்திரி அங்கே 10 டிகிரிக்குக் கீழே போகுது. வேட்டிக்குள்ளே காத்து புகுந்து விளையாடினப்போதான், ஸ்வெட்டரோட அருமை புரிஞ்சது. பந்தியில தால் பாட்டி வெச்சாங்க. சுட்ட கோதுமை உருண்டையை உடைச்சு, நெய்யை ஊத்தி, பருப்போட பிசைஞ்சு அடிக்கணும். இட்லி கணக்கா ஆறு கேட்டுடாதீங்க. ரெண்டுலயே கண்ணைக் கட்டிடும்!

இதெல்லாம் சமாளிச்சிடலாம் பாஸ். சமாளிக்க முடியாதது ஒண்ணு இருக்கு.

முகூர்த்தம் காலை 7.30. மண்டபம் ஊருக்கு வெளியே. ‘6.30-க்கு சூரியன் வந்துடும். பிச்சோலா ஏரியில நாலு போட்டோ எடுத்துட்டு, தாலி கட்டுறதுக்குள்ளே ஓடி வந்துடலாம்’னு பிளான் போட்டோம். இருட்டுலயே அம்ப்ராய் காட்ல போய் உட்கார்ந்தாச்சு. எதிர்க்கரையில சிட்டி பேலஸ். அதுக்குப் பின்னாடிதான் சூரியன் வரணும். 6.30 ஆச்சு, வரலை. 6.45, வரலை. ஏழு மணிக்கும் வானம் லேசா வெளுத்ததோட சரி.

அப்புறம்தான் இன்ஜினீயரிங் மூளைக்கே உறைச்சது. இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். ஆனா, உதய்ப்பூர் நம்ம ஊருக்கு எவ்வளவோ மேற்கே இருக்கு. தை மாசத்துல அங்கே சூரியன் எட்டிப் பார்க்கவே 7.20 தாண்டிடும்! ‘இவ்வளவு நேரம் காத்திருந்தாச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம்தானே’ன்னு உட்கார்ந்தோம் பாருங்க... அந்த அஞ்சு நிமிஷம்தான் தப்பு. போட்டோ எடுத்துட்டு ஓடினா, பழைய ஊரோட சந்துல பெரிய வண்டி எதுவும் நுழையாது. அந்தக் குளிர்ல ஆட்டோவும் சுலபத்துல சிக்கலை.

மண்டபத்துல நுழையும்போது மணி 8.20. தரையெல்லாம் அட்சதை. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில வெச்சுக்கிட்டு இருந்தார்.

இந்த அக்கா யாருன்னு சொல்லலையே... செகண்ட் இயர்ல எங்க நாலு பேருக்கும் மேத்ஸ்ல அரியர் விழுந்தப்போ, ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம மொட்டைமாடியில உட்காரவெச்சு, கணக்கும் சொல்லிக் குடுத்து, தோசையும் சுட்டுப் போட்டவங்க. நாங்க இன்னிக்கு ஆல் கிளியர்னா, அதுக்குக் காரணம் அவங்கதான். மாலையும் கழுத்துமா எங்களைப் பார்த்தவங்க, திட்டலை. ‘‘போட்டோ நல்லா வந்துச்சாடா?’’ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருக்கலாம்.

‘தாலி கட்டும்போது திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தா’ன்னு அப்புறமா அவங்க அம்மா சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்கே முதல் வரிசையில போய் உட்கார்ந்துட்டோம். அக்னியைச் சுத்தி அவங்க வலம் வரும்போது மணி ஒண்ணு. பல்லு தந்தியடிச்சாலும் ஒருத்தனும் எழுந்திருக்கலை. ஆனாலும் அது இதுக்கு ஈடாகுமா?

அதனால, ஊர் சுத்தணுமா? கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு நாள் சேர்த்துத் தங்குங்க. சிட்டி பேலஸ், 1651-ல கட்டி முடிச்ச ஜகதீஷ் கோயில், பாகோர் கி ஹவேலியில சாயங்காலம் நடக்கிற நாட்டுப்புற நடனம், எல்லாத்தையும் நிதானமா பார்க்கலாம். சூரியனும் மறுநாள் அதே இடத்துலதான் உதிக்கும்.

அந்தப் போட்டோ இன்னும் என் போன்லதான் இருக்கு. சூப்பரா வந்திருக்கு. ஆனா, இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்லை!