தம்பிகள்

டெல்டாக்காரன் திங்கிற சோத்துல பட்டாளத்துக்காரங்களுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க. "கரிகாலன் கட்டுன அணைடா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அது சரிதான். ஆனா கதை அதோட முடியலை.

1800களோட தொடக்கத்துல காவிரிக்கு ஒரு சிக்கல். முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரியுது இல்லையா, அதுல கொள்ளிடம் பள்ளம். தண்ணி பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்? காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயலுக்கு வர்ற தண்ணி குறைஞ்சுக்கிட்டே போச்சு. இதைச் சரி பண்ணினவர் ஆர்தர் காட்டன். மதராஸ் எஞ்சினியர்ஸ்ங்கிற ராணுவப் பிரிவுல அதிகாரி. 1836ல முக்கொம்புல மேலணை வேலை. அதை ஒட்டியே அணைக்கரையில கீழணை. மேலணை, கொள்ளிடத்துக்குப் போற தண்ணியை மறிச்சுக் காவிரிக்குத் திருப்பிச்சு. கீழணை, அதையும் மீறிக் கொள்ளிடத்துல போறதைப் பிடிச்சு வாய்க்கால்ல விட்டுச்சு. அங்கேருந்து வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போற தண்ணியைத்தான் 2004லேருந்து சென்னையும் குடிக்குது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடுற வித்தையைக் காட்டன் கத்துக்கிட்டது நம்ம கல்லணையைப் பார்த்து. அவரே அதை ஒத்துக்கிட்டிருக்கார். அதே வித்தையோட போய்த்தான் 1847ல கோதாவரியில தவளேஸ்வரம் அணையை ஆரம்பிச்சார். அந்தப் பக்கம் அவருக்குச் சிலைக்கு மேல சிலை.

சரி, அதிகாரி பேரு தெரியுது. சிப்பாய்ங்க?

1780 செப்டம்பர் 30. மதராஸ்ல பயனீர்னு ரெண்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1831ல அது மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். இன்னிக்கு அதுக்குப் பேரு மதராஸ் எஞ்சினியர் குரூப், பெங்களூர்ல அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல இருக்கு. பாலம் போடுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது இவங்க வேலை. படை முன்னேறணும்னா இவங்க முன்னால போகணும். இவங்களுக்கு ராணுவத்துல செல்லப் பேரு "தம்பி". தமிழோ, தெலுங்கோ, மலையாளமோ, கன்னடமோ, எல்லாரும் தம்பிதான் :-)

1895ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிச்ச பென்னிகுவிக்கும் ராணுவ எஞ்சினியர்தான். தேனிப் பக்கம் அவர் பிறந்தநாளான ஜனவரி 15க்குப் பொங்கல் வெக்கிறாங்க. வெக்கட்டும், தகும். ஆனா அந்தக் காட்டுல மதராஸ் பயனீர் பட்டாளங்களும் வேலை பார்த்திருக்கு. அதுல ஒருத்தர் பேரு சொல்லுங்க பார்ப்போம்? நான் வேலை பார்க்கிற பெங்களூர்ல, பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேர்ற இடத்துல மதராஸ் பயனீர்களுக்கு ஒரு போர் நினைவுச் சின்னம் நிக்குது. சனிக்கிழமை சாயங்காலம் ஆயிரம் பேர் தாண்டிப் போவாங்க. யாரும் நிமிர்ந்து பார்க்கிறதில்லை.

காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 ஜூன் 24, இத்தாலியில மிக்னானோ. கண்ணிவெடி எடுக்கிற வேலையில, கூட வந்தவர் ஒரு வெடியை மிதிச்சிட்டார். வெடிக்க சில நொடிதான். இவர் ஓடிப் போய் அது மேல விழுந்தார். மத்தவங்க பிழைச்சாங்க. அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தாங்க. நான் படிச்ச எந்தப் பாடப் புத்தகத்துலயும் அவரைப் பார்த்ததா ஞாபகம் இல்லை.

இதெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க பெரியப்பா. ஒரத்தநாடு பக்கம் எங்க ஊரு. அவர் சாப்பர்ல ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர். 1987லேருந்து 1990 வரைக்கும் இந்திய அமைதிப்படை இலங்கையில இருந்தப்போ யாழ்ப்பாணத்துல கண்ணிவெடி எடுத்தவர். படை திரும்பி வந்தப்போ நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகலை. அங்கே தமிழ் ஜனங்க செத்தது உண்மை, அந்தக் கோபமும் நியாயம். ஆனா ஆயிரத்துக்கு மேல இந்தியச் சிப்பாய்களும் திரும்பி வரலை. அதுல தமிழ்ப் பிள்ளைங்களும் உண்டு. ஊர்ல "எங்கடா இருந்தே?"ன்னு கேட்டா, பெரியப்பா "வடக்கே"ன்னுதான் சொல்லுவாராம். யாழ்ப்பாணம்கிற பேரையே அவர் வாயிலேருந்து நான் கேட்டது காலேஜ் முடிச்சப்புறம்தான்.

அவர் பெருமையா பேசி நான் பார்த்ததில்லை. வேலை செஞ்சு பார்த்திருக்கேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்க பக்கம் தென்னை மொத்தமும் சாய்ஞ்சு கிடக்கு, கரண்ட் இல்லை, ரோடு இல்லை. அறுபது வயசுல பெரியப்பாவும், அக்கம்பக்கத்து ஊரு மாஜி ராணுவத்துக்காரங்க மூணு பேரும் கயிறு, கப்பி, அரிவாளோட இறங்கினாங்க. விழுந்த தென்னையையே வெட்டி, வாய்க்கால் மேல ரெண்டு கட்டையைப் போட்டு, குறுக்கே மட்டப்பலகை அடிச்சாங்க. மத்தியானம் பால் வண்டி அது மேல போச்சு. "எத்தனை வெயிட்டு தாங்கும் பெரியப்பா?"ன்னேன். "முதல்ல நான் நடந்து காட்டினேன்ல, அவ்வளவுதான்"னார்.

அந்த நாலு பேரும் செப்டம்பர் 30 ஆனா ஒருத்தர் வீட்டுல கூடிடுவாங்க. கறிக்குழம்பு, கேன்டீன் சரக்கு, பழைய கதை. சாப்பிட உக்கார்றதுக்கு முன்னால, திரும்பி வராதவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லுவாங்க. எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்றதில்லை, மனப்பாடம். போன வருஷம் நாலு பேரு மூணு பேரா ஆயிட்டாங்க. அவர் ஞாபகத்துல மட்டும் இருந்த பேருங்க எத்தனையோ, அதுவும் அவரோடயே போச்சு.

அதனால ஒரு நோட்டு வாங்கிட்டுப் போய், "பேரெல்லாம் சொல்லுங்க, எழுதுறேன்"னு உக்கார்ந்தேன். பெரியப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம், "ராங்க் வேணாம் தம்பி. பேரும் ஊரும் போடு. யாராவது தேடி வந்தா ஊரு இருந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும்"னார். இதுவரைக்கும் பதினேழு பேரு எழுதியிருக்கேன். மூணு ஊரு தஞ்சாவூர் ஜில்லா.

உங்க தெருவுலயும் ஒரு தம்பி இருப்பார். இப்ப அவர் தாத்தாவா ஆகியிருப்பார். நோட்டோட போங்க.